கார்பாலிக் ஸ்மோக் பால் வழக்கில் தோற்ற வக்கீல்: ஆஸ்க்வித்தின் கதையைச் சேலத்தில் எப்படிச் சொல்வது?

அம்மாப்பேட்டை வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் சேலத்தில் சட்டம் படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் எனக்கு நாற்பது நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். விக்டோரியா மகாராணியின் காலத்தில் பாரிஸ்டராகத் தொழில் செய்து, பிறகு அரசியலுக்குப் போன ஒருவருடைய வாழ்க்கையைப் பற்றிப் பேச வேண்டும். நான், பின்னாளில் பிரிட்டனின் பிரதமரான ஹெர்பர்ட் ஹென்றி ஆஸ்க்வித்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

அவரைத் தேர்ந்தெடுக்கக் காரணம், ஒப்பந்தச் சட்டம் படிக்கும் எல்லோரும் முதலில் சந்திக்கும் கார்லில் வழக்குதான். தங்கள் ஸ்மோக் பாலை, அதாவது கார்பாலிக் அமிலப் பொடி அடைத்து மூக்கில் இழுக்கும் ரப்பர் பந்தை, சொன்னபடி பயன்படுத்தியும் இன்ஃப்ளுயன்சா வந்தால் 100 பவுண்டு தருவதாக ஒரு கம்பெனி விளம்பரம் செய்தது. தன் வாக்கு உண்மையானது என்று காட்ட 1000 பவுண்டை வங்கியில் போட்டு வைத்திருப்பதாகவும் சொன்னது. கார்லில் அம்மையார் 1891 நவம்பரிலிருந்து நாளுக்கு மூன்று வேளை அதை விடாமல் பயன்படுத்தியும் 1892 ஜனவரியில் காய்ச்சலில் விழுந்தார். அவர் தொடுத்த வழக்கில் முதல் நீதிமன்றத்தில் கம்பெனிக்காக வாதாடித் தோற்றவர் ஆஸ்க்வித் என்பதும், அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்தபோது அவர் இங்கிலாந்தின் உள்துறை அமைச்சராகிவிட்டிருந்தார் என்பதும் எனக்குப் பெரிய வியப்பாக இருந்தன. ஒரே ஆண்டுக்குள் ஸ்மோக் பால் கம்பெனியின் வக்கீலாகவும் நாட்டின் அமைச்சராகவும் ஒருவர் எப்படி இருக்க முடிந்தது?

அந்தக் காலத்துப் பாரிஸ்டர்கள் ஏன் அவ்வளவு பேர் பாராளுமன்றத்துக்குப் போனார்கள் என்பது என் முதல் கேள்வி. ஆஸ்க்வித்துக்குச் சட்டத்தொழில் வெறும் ஏணியாக இருந்ததா, அல்லது அவருடைய அரசியலையே அதுதான் வடிவமைத்ததா என்பது அடுத்தது. என் தாத்தா வேறொன்று கேட்கிறார்: "நம்ம ஊரிலேயே சேலம் விஜயராகவாச்சாரியார் இருக்கும்போது, எங்கேயோ இருக்கிற வெள்ளைக்காரரைப் பற்றி எதற்குப் பேச வேண்டும்?" அவருக்கு என்னால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்.

அஸ்தம்பட்டி ஆசிரியர் எழுதியது:

அம்மா, நல்ல தேர்வு. நான் பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் வரலாறு நடத்தியவன். உங்கள் முதல் கேள்விக்கான விடை பெரும்பகுதி பணத்திலும் கடிகாரத்திலும் இருக்கிறது.

இங்கிலாந்தில் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு 1911 வரை சம்பளமே கிடையாது. அந்த ஆண்டில்தான் வருடத்துக்கு 400 பவுண்டு என்று நிர்ணயித்தார்கள். அதைச் செய்தது பிரதமர் ஆஸ்க்வித்தின் அரசுதான் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். சம்பளம் இல்லாத சபைக்கு நிலமும் வாடகையும் உள்ளவர்கள் போகலாம், இல்லையென்றால் லண்டனிலேயே இருந்து பகலில் சம்பாதித்து மாலையில் சபையில் உட்காரக்கூடிய தொழில் கையில் உள்ளவர்கள் போகலாம். பாரிஸ்டர் தொழில் அதற்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. பகலில் நீதிமன்றம், மாலையிலிருந்து நள்ளிரவு வரை சபை. இரண்டுக்கும் இடையே நடந்தே போய்விடலாம். சபையில் பெயர் வாங்கினால் வழக்குகளும் கூடுதலாக வந்தன. அரசின் தலைமை வழக்கறிஞர் பதவிகளும் நீதிபதி நாற்காலிகளும் பாராளுமன்றத்தில் இருந்தவர்களைத் தேடி வந்தன.

ஆஸ்க்வித் பணக்கார வீட்டுப் பிள்ளையல்லர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். யார்க்ஷயரில் மோர்லி என்ற ஊரில், கம்பளி வணிகம் செய்த குடும்பத்தில் 1852 செப்டம்பர் 12 அன்று பிறந்தார். தகப்பனார் 1860இல் இறந்துவிட்டார். தாய்வழி உறவினர் ஆதரவில் லண்டனில் படித்து, உதவித்தொகை பெற்று ஆக்ஸ்போர்டில் பேலியல் கல்லூரிக்குப் போனார். 1876இல் லண்டனில் லிங்கன்ஸ் இன் என்ற வழக்கறிஞர் சங்கத்தில் பாரிஸ்டரானார். அந்தக் காலத்தில் பாரிஸ்டராவதற்கு அங்கே தேர்வு மட்டும் போதாது, சங்கத்தின் விருந்துகளில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் உட்கார்ந்து சாப்பிட்டாகவும் வேண்டியிருந்தது. காந்தியடிகளும் இன்னர் டெம்பிள் என்ற சங்கத்தில் அப்படி உட்கார்ந்துதான் 1891இல் பாரிஸ்டரானார்.

பட்டம் வந்தாலும் வழக்கு வரவில்லை. ஏழெட்டு ஆண்டுகள் பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதியும் விரிவுரை நடத்தியும் குடும்பத்தை ஓட்டினார். நம் ஊரில் ஜூனியராகச் சேர்ந்த பிள்ளைகள் சீனியருடைய வழக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு நடக்கும் காலம் போன்றதுதான் அது. இந்தப் பகுதியை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள்; உங்கள் அவையில் உட்காரப்போகும் இளம் வக்கீல்களுக்கு அதுவே நெருக்கமாக இருக்கும். கைக்கு வேலை குறைவாக இருந்த 1883இல், தலைமை வழக்கறிஞருக்காகப் பாராளுமன்ற உறுதிமொழிச் சட்டத்தைப் பற்றி ஒரு குறிப்பைத் தயாரித்துக் கொடுத்தார். நாத்திகரான சார்லஸ் பிராட்லா உறுதிமொழி எடுக்கலாமா என்ற சண்டைக்காகத் தயாரான குறிப்பு அது. பிரதமர் கிளாட்ஸ்டன் வரை போயிற்று. அந்தப் பிராட்லாதான் 1889 பம்பாய் காங்கிரசுக்கு நேரில் வந்து, இந்தியாவின் உறுப்பினர் என்று புகழப்பட்டவர். 1886இல் ஸ்காட்லாந்தின் கிழக்கு ஃபைஃப் தொகுதியில் வென்று ஆஸ்க்வித்தும் சபைக்குள் நுழைந்தார்.

சேலம் வழக்கறிஞர் எழுதியது:

சகோதரி, ஆசிரியர் ஐயா சொன்னவற்றோடு தொழில் தெரிந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். ஆஸ்க்வித்தை ஆஸ்க்வித்தாக ஆக்கியது தேர்தல் அல்ல, ஒரு பிற்பகலில் அவர் செய்த குறுக்கு விசாரணை.

அயர்லாந்துத் தலைவர் பார்னெல் கொலைகளை ஆதரித்து எழுதியதுபோல் காட்டும் ஒரு கடிதத்தை 1887இல் டைம்ஸ் பத்திரிகை வெளியிட்டது. அதை விசாரிக்கச் சிறப்பு ஆணையம் அமைந்தது. பார்னெல் தரப்பில் சர் சார்லஸ் ரஸ்ஸல் சீனியர், ஆஸ்க்வித் ஜூனியர். 1889 பிப்ரவரியில் பத்திரிகையின் மேலாளர் மெக்டோனல்ட் சாட்சிக் கூண்டில் ஏறிய நாளன்று, களைப்பாக இருக்கிறது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று ரஸ்ஸல் திடீரென ஜூனியரிடம் விட்டுவிட்டார். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் நடந்த அந்த விசாரணையில் ஆஸ்க்வித் குரலை உயர்த்தவே இல்லை. கடிதங்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டீர்களா, கொண்டுவந்து கொடுத்தவருக்கு யார் கொடுத்தார்கள் என்று தெரிந்துகொள்ள முயன்றீர்களா என்று ஒவ்வொரு படியாக இறக்கிக்கொண்டே போனார். நாட்டையே உலுக்கிய கடிதங்களின் பிறப்பிடத்தைப் பற்றி அந்த மேலாளர் எதையுமே விசாரிக்கவில்லை என்பது அவர் வாயாலேயே வெளியே வந்தது. சில நாட்களில் ரஸ்ஸலின் கேள்விகளுக்கு முன் பிகாட் என்பவருடைய கள்ளக் கையெழுத்து அம்பலமாயிற்று. பிகாட் ஓடிப்போய் மாட்ரிட் நகரில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பிகாட்டின் சாட்சியம் ரஸ்ஸலுக்குப் பெயர் வாங்கித் தந்தது என்றால், மெக்டோனல்ட் ஆஸ்க்வித்துக்கு வாங்கித் தந்தார். மறு வருடமே ராணியின் வழக்கறிஞர் என்ற மூத்த வக்கீல் தகுதியும் அதற்கான பட்டு அங்கியும் அவருக்குக் கிடைத்தன.

இதைப் படித்தபோது எனக்குச் சேலம் கோர்ட்டில் நான் நடத்திய ஒரு நில வழக்கு நினைவுக்கு வந்தது. எதிர்த்தரப்புச் சாட்சி கையெழுத்தைப் பற்றியும் தேதியைப் பற்றியும் எந்தக் கேள்வி கேட்டாலும் மனப்பாடமாகப் பதில் சொன்னார். "இந்தப் பத்திரத்தை யார் கையிலிருந்து வாங்கினீர்கள்?" என்று கேட்டேன். அவர் மேல்துண்டின் நுனியைச் சுருட்டத் தொடங்கினார். சுருட்டி முடித்து, மறுபடி பிரித்து, மறுபடி சுருட்டினார். கோர்ட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பதில் வரவே இல்லை. ஆவணத்தின் உள்ளடக்கத்தோடு மோதாமல் அது வந்த வழியைக் கேட்பது பழைய வித்தை. ஆஸ்க்வித் அதைக் கசடறச் செய்தார்.

சட்டம் அவருக்கு ஏணிதானா என்று கேட்டீர்கள். இல்லை என்பதற்கு ஒரு சான்று தருகிறேன். 1887 நவம்பரில் டிராஃபல்கர் சதுக்கத்தில் கூட்டம் தடை செய்யப்பட்டுத் தடியடி நடந்தது. அதில் கைதான கன்னிங்ஹாம் கிரஹாம் என்ற எம்.பி.க்காக மறு வருடம் நீதிமன்றத்தில் நின்றவர் ஆஸ்க்வித். 1892இல் உள்துறை அமைச்சரானதும், சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் அதே சதுக்கத்தில் கூட்டம் நடத்தலாம் என்று அனுமதித்தவரும் அவரே. கட்சிக்காரருக்காகப் பேசிய வாதத்தைப் பதவிக்கு வந்தபின் ஆணையாக எழுதியவர்கள் மிகக் குறைவு. இன்னொன்று: 1895இல் அமைச்சரவை கவிழ்ந்தபோது, அங்கியை மீண்டும் மாட்டிக்கொண்டு பத்து வருடம் வழக்காடினார். காபினெட் அமைச்சராக இருந்தவர் திரும்ப வக்கீல் வரிசைக்கு வருவது அதற்கு முன் வழக்கத்தில் இல்லாத செயல். பிழைப்பு அதில்தான் இருந்தது. அவர் அதை மறைக்கவில்லை.

ஏற்காட்டு வாசகர் எழுதியது:

வணக்கம். வாசகியின் தாத்தா கேட்ட கேள்வியை யாரும் தொடவில்லை. அதுதான் இங்கே மிக முக்கியமான கேள்வி என்று நினைக்கிறேன். இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை அம்மா. இருவரையும் ஒரே மேடையில் உட்கார வையுங்கள். காரணம், சேலம் விஜயராகவாச்சாரியாரும் 1852ஆம் ஆண்டில் பிறந்தவரே. அவர் ஜூன் 18, ஆஸ்க்வித் செப்டம்பர் 12. மூன்று மாத இடைவெளி கூட முழுதாக இல்லை.

முதலில் ஒரு விளக்கம். நம்மவர் பாரிஸ்டர் அல்லர், பிளீடர். இங்கிலாந்து போய்ப் படித்தவர் பாரிஸ்டர், உயர்நீதிமன்றத்தில் பதிவான உள்நாட்டவர் வக்கீல், மாவட்ட நீதிமன்றங்களில் நின்றவர் பிளீடர் என்று அன்று படிநிலை இருந்தது. இந்தப் பிரிவுகள் முழுவதுமாக ஒழிந்தது 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டத்தில்தான். செங்கல்பட்டுப் பக்கம் பொன்விளைந்த களத்தூரில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, ஆசிரியராகச் சேலம் வந்து, வகுப்புக்கே போகாமல் சட்டத் தேர்வு எழுதி 1881இல் தொழில் தொடங்கினார். மறுவருடம் நகராட்சி உறுப்பினரானார். அதே 1882இல் சேலத்தில் கலவரம் மூண்டது. தூண்டிவிட்டவர் என்று அவர் மேல் குற்றம் சாட்டிப் பத்து ஆண்டு சிறை விதித்தார்கள். விடாமல் போராடி உயர்நீதிமன்றத்தில் விடுதலை பெற்றார். அதோடு நிற்காமல், தன்னை நகராட்சியிலிருந்து நீக்கியது செல்லாது என்று இந்தியாவுக்கான அரசுச் செயலர் மேலேயே வழக்குத் தொடுத்து வென்றார். கிடைத்த நஷ்டஈடு 100 ரூபாய். 1884ஆம் ஆண்டுச் சென்னைத் தீர்ப்புத் தொகுதியில் அந்த வழக்கு இன்றும் இருக்கிறது. கார்லில் அம்மையாருக்கு 100 பவுண்டு, சேலம் பிளீடருக்கு 100 ரூபாய். ஆனால் இவர் தோற்கடித்தது ஒரு சாம்ராஜ்யத்தின் அரசை. அதே கலவர வழக்கில் அந்தமானுக்கு அனுப்பப்பட்ட சேலத்துக்காரர்களின் விடுதலைக்காகவும் அவர் பாடுபட்டார்.

அந்த நேரத்துச் சூழலையும் ஒரு வரியில் சொல்லுங்கள். 1883இல் இல்பர்ட் மசோதா வந்தது. ஐரோப்பியர் மேலான குற்ற வழக்கை இந்திய மாஜிஸ்திரேட் விசாரிக்கலாம் என்றது அது. தோட்ட முதலாளிகள் கொதித்தெழுந்தார்கள். கடைசியில் பாதிக்குப் பாதி ஐரோப்பியர் அமர்ந்த ஜூரியைக் கேட்கும் உரிமையை அவர்களுக்குத் தந்து மசோதாவை நீர்க்கச் செய்தார்கள். எங்கள் மலைமேல் காப்பித் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரருக்கு அந்தச் சலுகை உண்டு, அடிவாரத்தில் இருந்த பிளீடருக்குக் கிடையாது. பல நாட்களில் மேகம் பாதையை மறைத்தாலும் கொண்டை ஊசி வளைவுகளின் வழியே சேலம் தெரியும் இந்த மலையிலிருந்து, அந்தக் காலத்தைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

இருவரும் சந்திக்கும் புள்ளி ஒன்று உண்டு. 1909இல் ஆஸ்க்வித் பிரதமராக இருந்தபோது இந்திய கவுன்சில்கள் சட்டம் நிறைவேறியது. நாம் மிண்டோ–மார்லி சீர்திருத்தம் என்று பள்ளியில் படித்தது அதுவே. அதன்படி விரிவாக்கப்பட்ட மத்திய சட்டசபையில் 1913 முதல் 1916 வரை உறுப்பினராக இருந்தவர் விஜயராகவாச்சாரியார். ஆக, ஒருவர் ஆட்சியில் திறந்த கதவின் வழியே மற்றவர் உள்ளே போய், அந்த அரசையே கேள்வி கேட்டார்.

அம்மாப்பேட்டை வாசகி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. 1852 என்ற ஒற்றுமை என் கண்ணில் படவே இல்லை. தாத்தாவிடம் வாசித்துக் காட்டினேன். "பிளீடர்தான், ஆனால் பாரிஸ்டர்களுக்கு மேலே" என்றார்.

எனக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. ஆஸ்க்வித்தைப் பற்றி மேலும் படிக்கப் படிக்க, முதியோருக்கு உதவித்தொகை கொண்டுவந்தவர், பிரபுக்கள் சபையின் வீட்டோவை 1911இல் ஒடுக்கியவர் என்று மதிப்பு கூடுகிறது. ஆனால் பெண்களுக்கு வாக்குரிமை கூடாது என்று நின்றவரும் அவரே. சிறையில் உண்ணாவிரதம் இருந்த பெண்களுக்குக் குழாய் வைத்து வலுக்கட்டாயமாக உணவு செலுத்தியது அவர் ஆட்சியில்தான். உடல் நலிந்தால் வெளியே விட்டு, தேறியதும் மறுபடி பிடிக்கும் 1913ஆம் ஆண்டுச் சட்டமும் அவர் அரசு போட்டதே. குறுக்கு விசாரணையில் அவ்வளவு கூர்மையாகக் கேள்வி கேட்டவர், இந்த ஒன்றில் மட்டும் தனக்குத்தானே கேள்வி கேட்டுக்கொள்ளாமல் எப்படி இருந்தார்? ஒரு பெண்ணாக, நாளை வக்கீலாக நிற்கப்போகிறவளாக, இதை விட்டுவிட்டுப் பேச என்னால் முடியாது.

அஸ்தம்பட்டி ஆசிரியர் எழுதியது:

விடாதீர்கள் அம்மா. உங்கள் பேச்சின் நடுவிலேயே அதை வையுங்கள்.

இதற்கு என் விளக்கம், வழக்கறிஞர் தம்பி புகழ்ந்த அந்தத் திறமைக்குள்ளேயே இருக்கிறது. ஆஸ்க்வித் தன் முன் வைக்கப்பட்ட வழக்குக் கட்டைப் பிரித்து, அதில் உள்ளதை யாரைவிடவும் தெளிவாக எடுத்துரைப்பவர். கட்டில் இல்லாததைத் தேடிப் போகிறவர் அல்லர். 1910இல் சபையில் திரும்பத் திரும்ப "பொறுத்திருந்து பாருங்கள்" என்று பதில் சொன்னார். அப்போது அது எதிரிகளை மிரட்டிய வாக்கியம். உலகப் போர் வந்தபோது அதே வாக்கியத்தை அவர் தலையில் கட்டினார்கள். இரு தரப்பும் வாதிட்டு முடிக்கட்டும் என்று காத்திருப்பது நீதிமன்றத்தில் நற்பண்பு. வாக்குரிமைக்காகத் தெருவில் நின்ற பெண்களுக்கும், அயர்லாந்துக்கும், போர்முனைக்கும் அந்தக் காத்திருப்பு ஒத்து வரவில்லை. 1916 செப்டம்பரில் மூத்த மகன் ரேமண்ட் சோம் போர்க்களத்தில் மாண்டார். டிசம்பரில் பிரதமர் பதவியும் போயிற்று. பெண்கள் வாக்குரிமையை 1917இல் ஒப்புக்கொண்டார், ஆனால் அப்போது முடிவு அவர் கையில் இல்லை. 1918இல் முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் பலருக்கு வாக்கு கிடைத்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் 32 ஆண்டுகள் அவரை அனுப்பிய கிழக்கு ஃபைஃப் அவரைக் கைவிட்டது.

விஜயராகவாச்சாரியார் தன் முன் வைக்கப்பட்ட கட்டையே ஏற்காதவர். என்னைக் குற்றவாளி என்று எழுதிய காகிதத்தை நீ எப்படி எழுதினாய் என்று அரசையே கூண்டில் ஏற்றியவர். இருவருக்கும் இடையே நான் காணும் பெரிய வேறுபாடு இதுதான்.

ஏற்காட்டு நண்பர் 1909ஐச் சொன்னார், 1920ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு பெய்ஸ்லி தொகுதியில் வென்று சபைக்குத் திரும்பிய ஆஸ்க்வித், ஜூலையில் ஜாலியன்வாலா பாக் விவாதத்தில் டயரின் செயலைக் கடுமையாகக் கண்டித்துப் பேசினார். டிசம்பரில் நாக்பூர் காங்கிரசுக்குத் தலைமை வகித்தவர் நம் சேலத்து விஜயராகவாச்சாரியார். வக்கீல்கள் நீதிமன்றங்களை விட்டு வெளியேற வேண்டும் என்ற ஒத்துழையாமைத் தீர்மானத்தை உறுதிசெய்த மாநாடு அது. அந்த மேடையில் தலைவர் நாற்காலியில் இருந்தவரோ நாற்பது ஆண்டு வக்கீல், காந்தியடிகளின் அந்த வழியில் முழு உடன்பாடும் இல்லாதவர். அதே சேலத்தில் 1900 முதல் தொழில் செய்து, நகராட்சித் தலைவராகவும் இருந்த ராஜாஜி தொழிலை விட்டார். ஒரே ஊர்க் கோர்ட்டில் நின்ற இரண்டு பேருக்கு இடையில் அப்படி ஒரு முடிவு வந்து நின்றது.

சேலம் வழக்கறிஞர் எழுதியது:

ஐயா சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஒரே ஒரு மறுப்போடு. கட்டில் இல்லாததைத் தேடுவதுதான் மெக்டோனல்டிடம் அவர் செய்தது. அந்தத் திறமை அவரிடம் இல்லை என்று சொல்ல முடியாது. பதவிக்கு வந்தபின் அதைத் தன் பக்கம் திருப்பவில்லை என்பதே என் எண்ணம். சகோதரி, உங்கள் கேள்வியையே அவையில் அப்படியே கேளுங்கள், விடையை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை.

அம்மாப்பேட்டை வாசகி எழுதியது:

அப்படியே செய்கிறேன் ஐயா. 1884 தீர்ப்புத் தொகுதியைத் தேடிக்கொண்டிருக்கிறேன். பழைய தொகுதிகள் வைத்திருக்கும் சீனியர் ஒருவர் சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். பேச்சைக் கார்லில் அம்மையாரிடமிருந்து தொடங்குகிறேன். அவர் 96 வயது வரை வாழ்ந்து 1942இல் மறைந்தார் என்று படித்தேன்; ஆஸ்க்வித் 1928இலேயே போய்விட்டார். விஜயராகவாச்சாரியார் 1944 ஏப்ரல் வரை இருந்தார். சனிக்கிழமை தாத்தாவும் என்னோடு வருகிறார். அந்த 100 ரூபாய் வரியைத் தன் கண்ணால் பார்க்க வேண்டுமாம்.